மடிப்பதிலிருந்து திறப்பது வரை: ஹை பவர் ராக்கெட்டில் பாராசூட்

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் லூசர்ன் என்று ஒரு வறண்ட ஏரி இருக்கிறது. பேருக்குத்தான் ஏரி. கண்ணுக்கு எட்டும் தூரம் வரை பாளம் பாளமாக வெடித்த களிமண் தரை. மாடல் ராக்கெட் விடுகிறவர்களுக்கு அது மாதிரி இடம் அமைவது அபூர்வம். என் முதல் பெரிய ராக்கெட்டை அங்கேதான் விட்டேன். நான்கு அங்குலக் குழாய், ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடை, எச் வகை மோட்டார். நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போனது. உச்சியில் சின்னதாக ஒரு புகை, அடுத்து 'டப்' என்ற சத்தம். மூக்குக் கூம்பு கழன்றது, பாராசூட்டும் வெளியே வந்தது. ஆனால் விரியவில்லை. சுருட்டி வைத்த துண்டு மாதிரி ராக்கெட்டோடு சேர்ந்து அப்படியே விழுந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். துணியில் ஒரு ஓட்டை இல்லை, ஒரு கருகல் இல்லை. முந்தின நாள் ராத்திரியே மடித்து, குலைந்துவிடக் கூடாதே என்று கயிறுகளைத் துணியின் மேல் ஏழெட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றியிருந்தேன். அப்புறம் கட்டை விரலால் அமுக்கி அமுக்கிக் குழாய்க்குள் திணித்திருந்தேன். அந்தக் கட்டு வானத்திலும் அவிழவில்லை, தரையிலும் அவிழவில்லை. துடுப்பு ஒன்று உடைந்தது. ராக்கெட் மறுபடி பறக்கும் நிலையில் இறங்கினால்தான் லெவல் 1 சான்றிதழ், அதனால் அதுவும் அன்றைக்குக் கிடைக்கவில்லை.

அதுவரை பாராசூட் விரிவதை ஒரே ஒரு நிகழ்ச்சியாகத்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு வரிசை. நேரம் சரியாக இருக்க வேண்டும், பாராசூட்டை வெளியே தள்ளும் வெடிமருந்து வெடிக்க வேண்டும், மூடி கழல வேண்டும், கூம்பையும் உடற்குழாயையும் இணைக்கும் ஷாக் கார்டு என்ற கயிறு நீள வேண்டும், பொட்டலம் குழாயை விட்டு வெளியே வர வேண்டும், கயிறுகள் நேராக வேண்டும், கடைசியில் துணிக்குள் காற்று புக வேண்டும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. மடிப்பது, திணிப்பது, மருந்தை அளப்பது எல்லாமே இந்த வரிசை எங்கேயும் தட்டாமல் நகர்வதற்காகத்தான். புதிதாக வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் படிகளின் காரணம் தானாகவே விளங்கும்.

எந்த ராக்கெட்டைப் பற்றிப் பேசுகிறோம்

மோட்டார்களுக்கு எழுத்து வரிசை உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் மொத்த உந்தத்தின் மேல் எல்லை இரண்டு மடங்காகும். ஜி வரைக்கும் 160 நியூட்டன் வினாடி. அதைத் தாண்டி எச்சிலிருந்து ஹை பவர். அமெரிக்காவில் எச், ஐ மோட்டார் வாங்க லெவல் 1 சான்றிதழும், ஜே, கே, எல் வாங்க லெவல் 2-ம், எம் முதல் மேலே லெவல் 3-ம் வேண்டும். நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி, டிரிப்பொலி ராக்கெட்ரி அசோசியேஷன் என்ற இரண்டு அமைப்புகள் இந்தச் சான்றிதழைத் தருகின்றன. தனியாக எதையும் தொடங்காதீர்கள். பக்கத்திலுள்ள கிளப்பில் சேருங்கள். நான் கற்றதில் பாதி, அங்கே இருந்த மூத்தவர்கள் என் ராக்கெட்டைக் கையில் வாங்கி, "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டதில் கற்றது.

பாராசூட்டை வெளியே தள்ள இரண்டு வழி. ஒன்று, மோட்டாருக்குள்ளேயே இருக்கும் தாமதக் கட்டி எரிந்து முடிந்ததும் அதன் தலையில் உள்ள கருமருந்து வெடிப்பது. மற்றது, ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணக்கிட்டு மின்சாரத்தால் மருந்தைப் பற்ற வைப்பது. லெவல் 1-க்கு முதல் வழியே போதும். அதைத்தான் நான் சொல்வேன். முதல் ராக்கெட்டிலேயே எல்லா மின்னணுவையும் போட்டால், தவறு நடந்தபிறகு எது தவறியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

எவ்வளவு பெரிய பாராசூட்

கணக்கு எளிது. பரப்பு = 2 × நிறை × 9.81 ÷ (காற்றின் அடர்த்தி × இழுவை எண் × வேகம் × வேகம்). நிறையைக் கிலோவிலும் வேகத்தை வினாடிக்கு மீட்டரிலும் போட்டால் பரப்பு சதுர மீட்டரில் வரும். கடல் மட்டத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 1.225. தட்டையான துணிப் பாராசூட்டுக்கு இழுவை எண் 0.75 அளவில். குவிந்த அரைக்கோள வடிவத்துக்கு 1.5 வரை சொல்வார்கள். தரையைத் தொடும் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் அளவில் இருந்தால் துடுப்புகள் பிழைக்கும்.

2.5 கிலோ ராக்கெட் என்று வைத்துக்கொள்வோம். தட்டைப் பாராசூட் என்றால் 2.1 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது விட்டம் 65 அங்குலம். அரைக்கோள வடிவம் என்றால் 46 அங்குலம் போதும். இதில் ஒரு சின்ன விஷயம்: எடை போடும்போது எரிபொருள் தீர்ந்த மோட்டாரோடு எடை போடுங்கள். இறங்கும்போது அந்த எடைதான் இருக்கும்.

பெரிய பாராசூட் என்றால் பாதுகாப்பு அதிகம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 3,000 அடி உயரத்தில் விரித்துவிட்டு வினாடிக்கு 5 மீட்டரில் இறங்கினால் தரைக்கு வர மூன்று நிமிடம் ஆகும். மணிக்கு 15 மைல் காற்று இருந்தால் அந்த மூன்று நிமிடத்தில் ராக்கெட் 1.2 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். அதே ராக்கெட்டை உச்சியிலிருந்து ட்ரோக் என்ற சின்னப் பாராசூட்டில் வினாடிக்கு 25 மீட்டரில் விழவிட்டு, 500 அடியில் மெயின் என்ற பெரிய பாராசூட்டைத் திறந்தால் ஒரே நிமிடத்தில் தரை, 400 மீட்டர் நடை. இரட்டைத் திறப்பு என்ற முறை வந்த காரணம் இதுதான். பெரிய துணிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. குழாயில் இடம் போதாமல் இறுகும். இறுகினால் என்ன ஆகும் என்று கீழே சொல்கிறேன்.

இடைவழியும் ஒன்று இருக்கிறது. ஜாலி லாஜிக் நிறுவனத்தின் சூட் ரிலீஸ் என்ற சின்னக் கருவி, மடித்த பாராசூட்டை ரப்பர் பட்டையால் கட்டி வைத்திருந்து, நீங்கள் குறித்த உயரத்தில் அவிழ்த்துவிடும். மோட்டார் வெடிப்பை மட்டும் வைத்துக்கொண்டே காற்றில் அடித்துப்போவதைக் குறைக்கலாம். அதைக் கட்டினாலும் பொட்டலம் குழாயில் தளர்வாக இருக்க வேண்டும் என்பது மாறாது.

கார்டும் கொக்கிகளும்

ஷாக் கார்டை ராக்கெட்டின் நீளத்தைப் போல மூன்று மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை வையுங்கள். குட்டையாக இருந்தால் மூக்குக் கூம்பு வேகம் குறையாமலே கார்டின் முனைக்குப் போய் வெடுக்கென்று இழுக்கும். மோட்டார் பக்கம் கெவ்லார், அது சூட்டைத் தாங்கும். மேல் பக்கம் குழல் நைலான் இருந்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். கார்டை மாட்டும் ஐ-போல்ட், அதாவது தலையில் வளையமுள்ள போல்ட், வாங்கும்போது கம்பியை வெறுமனே வளைத்த வகையை வாங்காதீர்கள். இழுவையில் வாய் பிளக்கும். வளையம் முழுசாக மூடியதாக இருக்க வேண்டும். கார்டை வளையத்தோடு இணைக்கும் குவிக் லிங்க் என்ற கொக்கியின் திருகைக் கையால் முழுசாக மூடி, அப்புறம் ஸ்பேனரால் ஒரு கால் சுற்று.

பாராசூட்டைக் கார்டின் நட்ட நடுவில் கட்ட வேண்டாம். மூக்குக் கூம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒரு முடிச்சு வளையம் போட்டு அதில் மாட்டுங்கள். அப்போது கூம்பும் உடற்குழாயும் வேறு வேறு உயரத்தில் தொங்கும், இறங்கும்போது ஒன்றையொன்று மோதிக்கொள்ளாது.

மடிப்பு

பறக்கவிடும் நாள் காலையில் மடியுங்கள். மாதக்கணக்கில் மடித்த நிலையில் இருந்த நைலானில் மடிப்பு பதிந்துவிடும். அது விரிய ஒன்றிரண்டு வினாடி கூடுதலாக எடுக்கும். அந்த ஒன்றிரண்டு வினாடி சில நேரம் உங்களிடம் இருக்காது.

எட்டுக் கயிறு உள்ள 48 அங்குலப் பாராசூட்டை எடுத்துக்கொள்வோம். சுத்தமான விரிப்பில் போட்டு, கயிறுகள் சேரும் இடத்தை ஒரு கையிலும் துணியின் உச்சியை மறு கையிலும் பிடித்து நீட்டுங்கள். கயிறுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே துணி வரை போங்கள். ஒன்று மற்றொன்றின் மேல் ஏறியிருந்தால் இப்போதே தெரியும். உதறினால் சரியாகிவிடும் என்று விடக் கூடாது. தையல், கயிறு துணியோடு சேரும் இடம், கருகிய புள்ளிகள், இவற்றையும் இதே கையோடு பார்த்துவிடலாம்.

அடுத்து, குடையை மூடுகிற மாதிரி. இரண்டு கயிறுகளுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு துண்டையும் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது போல ஒரு பக்கமாகத் தள்ளி அடுக்குங்கள். இடது பக்கம் நான்கு, வலது பக்கம் நான்கு. நடுவில் எட்டுக் கயிறும் ஒரே கற்றையாக வந்து நிற்கும். இப்போது துணி நீளமான முக்கோணமாக இருக்கும். இரண்டு ஓரத்தையும் நடுவை நோக்கி மடித்தால் நீளமான பட்டை கிடைக்கும். உள்ளே சிக்கிய காற்றை உள்ளங்கையால் மெல்ல நீவி வெளியேற்றுங்கள். இஸ்திரி போட்ட மாதிரி தட்டையாக்க வேண்டியதில்லை.

இனி கயிறு. இதில்தான் ஆளுக்கொரு வழக்கம். சிலர் துணியைச் சுருட்டி, வெளியே கயிற்றைத் தளர்வாகச் சுற்றுவார்கள், பல ஆண்டுகளாக அவர்களுக்கு அது வேலையும் செய்கிறது. ஆனால் 'தளர்வு' எவ்வளவு என்பது அவர்கள் கைக்குத் தெரியும், புதிய கைக்குத் தெரியாது. அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: துணியின் மேல் கயிற்றைச் சுற்றவே வேண்டாம். கயிற்றுக் கற்றையை அந்தத் துணிப் பட்டையின் மேல் புடவைக் கொசுவம் மாதிரி முன்னும் பின்னுமாக, ஒரு சாண் நீளத்துக்கு அடுக்குங்கள். கடைசி ஒரு அடி வெளியே இருக்கட்டும். பட்டையை நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்தால் கயிறு உள்ளே போய்விடும். பிறகு உச்சியிலிருந்து தொடங்கிப் பட்டையையும் அதே கொசுவ மடிப்பாக அடுக்கிவிடுங்கள். கடைசியில் கையில் இருப்பது ஒரு தளர்ந்த பொட்டலம். பிடியை விட்டால் லேசாக மலர வேண்டும். மலராமல் கல்லு மாதிரி இருந்தால் அவிழ்த்து மறுபடி மடியுங்கள்.

துணி ஒட்டுகிற மாதிரி இருந்தால், மடிக்கும் முன் குழந்தைகளுக்குப் போடும் பவுடரைக் கொஞ்சம் தூவி உதறிவிடலாம். பழைய ஆட்கள் இன்னும் செய்கிற பழக்கம். வெளியே வரும்போது பவுடர் ஒரு வெள்ளை மேகமாகத் தெரிவது, தூரத்திலிருந்து கண்டுபிடிக்கவும் உதவும்.

சூட்டிலிருந்து காப்பது

வெடிக்கும் மருந்தின் வாயுவும் பொறிகளும் நைலானை ஒரு நொடியில் உருக்கிவிடும். உருகிய மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அந்தப் பாராசூட் திறக்காது. அதற்குத்தான் நோமெக்ஸ் என்ற சூடு தாங்கும் துணி. நடுவில் அல்லது ஓரத்தில் ஒரு ஓட்டை இருக்கும், அதன் வழியாகக் கார்டைக் கோத்துக்கொள்ளலாம். பாராசூட்டை அதன் மேல் வைத்து, மளிகைக் கடையில் காகிதத்தில் பொட்டலம் மடிப்பார்களே, அப்படி மடியுங்கள். மூடிய அடிப்பக்கம் மருந்தைப் பார்த்து இருக்க வேண்டும். திறந்த வாய் மூக்குக் கூம்பைப் பார்த்து இருக்க வேண்டும். முடிச்சுப் போடுவதோ டேப் ஒட்டுவதோ கூடாது. குழாயின் சுவரே அதை மூடி வைத்திருக்கும், வெளியே வந்ததும் காற்று பிரித்துவிடும்.

அதற்கும் அடியில், தீ பிடிக்காதபடி பதப்படுத்திய செல்லுலோஸ் பஞ்சை இரண்டு கைப்பிடி போடுவது வழக்கம். வீட்டுக் கூரையில் வெப்பம் தடுக்கப் போடுகிற அதே பஞ்சுதான். இங்கே எல்லோரும் அதற்குச் செல்லமாக 'நாய் வாந்தி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பஞ்சைத் தூவினது மாதிரி போடுங்கள். அமுக்கினால் அதுவே அடைப்பான் ஆகிவிடும்.

குழாய்க்குள் எது முதலில்

கடைசியில் உள்ளே போனது முதலில் வெளியே வரும். ஆகவே பஞ்சு, அதன் மேல் உடற்குழாய்ப் பக்கத்துக் கார்டு, அப்புறம் நோமெக்ஸ் பொட்டலம், மேலே மூக்குக் கூம்புப் பக்கத்துக் கார்டு, கடைசியில் கூம்பு. கார்டையும் கொசுவமாக ஒரு சாண் நீளத்துக்கு மடித்து, ஐந்தாறு மடிப்புக்கு ஒரு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், ஒரே ஒரு சுற்று. கார்டு நீளும்போது இந்த டேப்புகள் ஒவ்வொன்றாக அறுந்து, கூம்பின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். சிக்கும் விழாது. ஆனால் கார்டு பாராசூட்டைச் சுற்றி ஒரு வளையமாக விழுந்திருக்கக் கூடாது. இருந்தால் நீளும்போது சுருக்குக் கயிறு மாதிரி இறுக்கிவிடும்.

எல்லாம் உள்ளே போனதும் ஒரு சோதனை. கூம்பை எடுத்துவிட்டுக் குழாயைத் தலைகீழாகப் பிடித்து லேசாகக் குலுக்குங்கள். பொட்டலம் தன் எடையிலேயே சரிந்து வெளியே விழ வேண்டும். விழவில்லை என்றால், மருந்து அதைத் தள்ளிவிடும் என்று நம்பாதீர்கள். வாயு ஓரமாகக் கசிந்து போய்விடும், கூம்பு மட்டும் கழலும், துணி குழாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். என் முதல் ராக்கெட்டுக்கு இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால், உள்ளே என்ன செய்து வைத்திருந்தேன் என்று அங்கேயே தெரிந்திருக்கும்.

கூம்பின் பிடி

மோட்டார் வெடிப்பு மட்டும் உள்ள ராக்கெட்டில் கூம்பு உராய்வால்தான் நிற்கிறது. ராக்கெட்டைக் கூம்பைப் பிடித்துத் தூக்குங்கள். கழலக் கூடாது. அப்படியே ஒரு குலுக்குக் குலுக்கினால் கழல வேண்டும். தளர்வாக இருந்தால் கூம்பின் கழுத்தில் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள், இறுக்கமாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். அட்டைக் குழாய் ஈரப்பதத்தில் உப்பும், அதனால் வீட்டில் சரியாக இருந்தது என்பது போதாது, களத்தில் மறுபடி பாருங்கள்.

இரட்டைத் திறப்பில் உராய்வை நம்ப முடியாது. உச்சியில் ட்ரோக் வெளியே வரும் உதறலில் கனமான கூம்பு தானாகவே கழன்று, மெயினும் அங்கேயே விரிந்துவிடும். அப்புறம் ராக்கெட்டை அடுத்த ஊரில்தான் தேட வேண்டும். அதைத் தடுக்கத்தான் ஷியர் பின், அதாவது மெல்லிய நைலான் திருகாணி. 2-56 அளவு ஒன்று அறுபட ஏறக்குறைய 30 பவுண்டு விசை வேண்டும். மூன்று போட்டால் 90.

இன்னொன்று, பலர் மறப்பது: பாராசூட் இருக்கும் ஒவ்வொரு அறைக்கும் 3 மில்லிமீட்டரில் ஒரு ஓட்டை. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். உள்ளே அடைபட்ட தரைமட்டக் காற்று கூம்பை வெளியே தள்ளப் பார்க்கும். ஓட்டை இருந்தால் அது மெல்லக் கசிந்துவிடும்.

மருந்தின் அளவு

பயன்படுத்துவது 4எஃப் என்ற நைசான கருமருந்து. துப்பாக்கிக்கான புகையில்லா மருந்தோ, கருமருந்துக்கு மாற்றாக விற்கும் பொடிகளோ இதற்கு ஆகாது. அவை எரிய இறுக்கமான அடைப்பு வேண்டும். நீங்களாக மருந்து கலந்து பார்க்கும் பேச்சே வேண்டாம். இந்தியா உட்படப் பல நாடுகளில் கருமருந்து வெடிபொருள் சட்டத்துக்குள் வரும் பொருள். உங்கள் ஊர்ச் சட்டம் என்ன என்பதைக் கிளப்பில் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

கணக்கு இது: 0.006 × விட்டம் × விட்டம் × அறையின் நீளம், எல்லாம் அங்குலத்தில். விடை கிராமில். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தருகிற அளவு அது. நான்கு அங்குல விட்டம், 18 அங்குல நீளம் என்றால் 1.7 கிராம். அந்த அழுத்தம் நான்கு அங்குலத் தடுப்பின் மேல் 188 பவுண்டு விசையாக விழும். மூன்று பின்னுக்கு வேண்டியது 90. அதாவது இரண்டு மடங்கு கையிருப்பு. இந்த மாதிரி இரண்டு மடங்கு இருந்தால் எனக்கு மனது நிம்மதி.

கிண்ணத்தில் மருந்தைக் கொட்டி ஈ-மேட்ச் என்ற, மின்சாரத்தில் பற்றும் குச்சியின் தலை அதற்குள் புதைந்திருக்கும்படி வைத்து, மீதி இடத்தைச் செல்லுலோஸ் பஞ்சால் நிரப்பி மேலே டேப் ஒட்ட வேண்டும். காலியிடம் இருந்தால் மருந்து உருண்டு, தலை தனியாகிவிடும். பற்றும், ஆனால் மருந்து எரியாது. இந்த வேலை முழுக்கக் கண்ணாடி அணிந்து, ஆல்டிமீட்டரின் மின்சாரத்தை அணைத்து, முகத்தைக் குழாயின் வாய்க்கு நேராகக் கொண்டுபோகாமல்.

தரையில் ஒத்திகை

கணக்கு என்ன சொன்னாலும் இதைச் செய்யாமல் பறக்கவிடாதீர்கள். சான்றிதழ் உள்ள ஒருவர் கூட இருக்கும்போது, பறக்கப் போகும் நாளில் எப்படி இருக்குமோ அப்படியே முழுசாக அடைத்த ராக்கெட்டைத் தாங்கியில் படுக்க வைத்து, நீண்ட ஒயர் போட்டுத் தூரத்திலிருந்து பற்ற வைப்பது. முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் இருக்கக் கூடாது. கூம்பு பாய்ந்து போய் விழும் இடத்தில் மெத்தென்று ஏதாவது போடுங்கள். செல்போனில் மெதுவோட்டமாகப் படம் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அதில் தெரியும்.

பார்க்க வேண்டியது கூம்பு கழன்றதா என்பதை மட்டும் இல்லை. பொட்டலம் முழுசாகக் குழாயை விட்டு வெளியே வந்ததா? கார்டு ஏறக்குறைய முழு நீளத்துக்கும் போனதா? நோமெக்ஸில் கருகல் எந்தப் பக்கம்? கூம்பு சோம்பலாகக் கழன்று பக்கத்திலேயே விழுந்திருந்தால் மருந்தைக் கால் கிராம் கூட்டி மறுபடி பாருங்கள். கார்டின் முனைக்குப் போய் வெடுக்கென்று திரும்பி வந்திருந்தால் மருந்து அதிகம், அல்லது கார்டு குட்டை. ஒரு அளவு சரியாக வந்தபிறகு பாராசூட்டையோ பின் எண்ணிக்கையையோ மாற்றினால் ஒத்திகையும் மறுபடி. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சத்தம் கேட்டு, துணி தரையில் மலர்ந்து கிடப்பதைப் பார்க்கும்போது வரும் தைரியம் வேறெதிலும் வராது.

எப்போது திறப்பது

உச்சியில் ராக்கெட் ஏறக்குறைய நிற்கிறது. அங்கிருந்து இரண்டு வினாடி தப்பினால் வினாடிக்கு 20 மீட்டர் வேகம், நான்கு வினாடி தப்பினால் 40-க்குப் பக்கம். அந்த வேகத்தில் பாராசூட் விரிந்தால் கார்டு கத்தி மாதிரி உடற்குழாயை மேலிருந்து கீழாகக் கிழிக்கும். இதற்கு இங்கே 'ஸிப்பர்' என்று பெயர். ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் உங்கள் ராக்கெட்டை உண்மையான எடையோடு வரைந்தால், எந்த மோட்டாருக்கு எத்தனை வினாடி தாமதம் வேண்டும் என்று அதுவே சொல்லும். மோட்டாரின் தாமதக் கட்டியை அதற்குரிய கருவியால் துளையிட்டுக் குறைத்துக்கொள்ளலாம். கட்டி எரியும் நேரம் கொஞ்சம் முன்பின் ஆகும், அதற்கு எதுவும் செய்ய முடியாது.

ஆல்டிமீட்டர் என்றால் உச்சியை அதுவே கண்டுபிடிக்கும். அதன் அறைக்கு வெளிக்காற்று போக ஓட்டை வேண்டும். 100 கன அங்குலத்துக்குக் கால் அங்குல ஓட்டை ஒன்று, அல்லது அதே பரப்பு வருகிற மாதிரி சுற்றிலும் சமதூரத்தில் மூன்று நான்கு சின்ன ஓட்டைகள். மருந்தின் வாயு இந்த அறைக்குள் புகாதபடி ஒயர் போகும் துளைகளை நன்றாக அடைத்துவிடுங்கள். பேட்டரி ஒவ்வொரு முறையும் புதிது. நாசா கல்லூரி மாணவர்களுக்கு அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் நடத்தும் ஸ்டூடன்ட் லாஞ்ச் போட்டியின் விதிகளைப் படித்தால் நல்ல அளவுகோல் கிடைக்கும். மெயின் 500 அடிக்குக் கீழே திறக்கக் கூடாது, உச்சித் திறப்பில் இரண்டு வினாடிக்கு மேல் தாமதம் கூடாது, தரையிறங்கும் எந்தத் துண்டின் இயக்க ஆற்றலும் 75 அடி-பவுண்டைத் தாண்டக் கூடாது. நான்கு கிலோ துண்டு என்றால் வினாடிக்கு 7 மீட்டர்தான் எல்லை. அங்கே இரண்டு தனித்தனி ஆல்டிமீட்டர் கட்டாயம். இரண்டாவது, முதலாவதுக்கு ஒன்றிரண்டு வினாடி பிந்தி, கொஞ்சம் கூடுதல் மருந்தோடு. லெவல் 1-ல் உங்களுக்கு இது தேவையில்லை, ஆனால் இங்கே படிக்க வரும் நம் பிள்ளைகள் கல்லூரி அணியில் சேர்ந்தால் முதலில் கையில் வருவது இந்த விதிகள்தான்.

களத்தில்

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் செய்து பேனாவால் குறியுங்கள். மனப்பாடம் போதாது. பாதி மடிக்கும்போது யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள், விட்ட இடம் மறந்துபோகும். அப்போது தயங்காமல் "ஒரு நிமிஷம்" என்று சொல்லி முடித்துவிட்டுப் பேசுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எல்லோருக்கும் இது நடந்திருக்கிறது. எங்கே விட்டோம் என்று சந்தேகம் வந்தால் முழுக்கப் பிரித்து மறுபடி.

மதிய வெயிலில் அடைத்த ராக்கெட்டைக் காரில் போட்டு மூடாதீர்கள், நிழலில் வையுங்கள். காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் விதிப்படியே விடக் கூடாது. ஆல்டிமீட்டரை ஏவுதண்டில் ராக்கெட்டை நிமிர்த்திய பிறகுதான் உயிர்ப்பிக்க வேண்டும். அதன் 'பீப்' எண்ணிக்கையைக் கேட்டு, இரண்டு ஈ-மேட்சுக்கும் இணைப்பு இருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் மோட்டாருக்குள் அதைப் பற்ற வைக்கும் இக்னைட்டர் போக வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது.

இறங்கிய ராக்கெட்டிடம் போனதும் உடனே தூக்காதீர்கள். முதலில் ஒரு போட்டோ. எது எப்படிக் கிடக்கிறது என்பது அடுத்த மடிப்புக்கு உதவும். அப்புறம் மருந்துக் கிண்ணங்களைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். வெடிக்காமல் ஏதாவது மிச்சமிருந்தால், யாருக்கும் நேராகக் குழாயைத் திருப்பாமல் மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் மற்றது. வீட்டுக்கு வந்ததும் பாராசூட்டை மண் உதறி, ஈரத்துணியால் கருமருந்துக் கறையைத் துடைத்து, கொடியில் காயப் போடுங்கள். காய்ந்ததும் மடிக்காமல் ஒரு பெரிய துணிப்பையில் அப்படியே தளர்வாகப் போட்டு வையுங்கள்.